மின்சாரமோ பெட்ரோலோ, வண்டி லேசாக இருக்கட்டும்

வளைவுக்காதலன்

கார் என்று பேச்செடுத்தாலே இப்போதெல்லாம் முதல் கேள்வி "நீங்க எந்தக் கட்சி?" என்பதாகிவிட்டது. எங்கள் வீட்டில் இரண்டும் நிற்கின்றன. கியர் மாற்றி ஓட்டும் சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்று, மின்சாரக் கார் ஒன்று. இரண்டையும் மாறி மாறி ஓட்டுகிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். மறுப்பு இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

நகருக்குள் ஓட்ட மின்சாரக் காருக்கு நிகர் கிடையாது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு டார்க்கையும், அதாவது சுழற்றும் விசையையும், தந்துவிடும். மிதியைத் தொட்டதும் வண்டி நகரும். பெட்ரோல் இன்ஜினுக்கு ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஏற வேண்டும், டர்போ இருந்தால் அது சுழன்று அழுத்தம் எழ வேண்டும், ஆட்டோமேட்டிக் என்றால் எந்த கியருக்குப் போவது என்று அது முடிவெடுக்க வேண்டும். அந்தத் தயக்கம் சின்னதுதான். ஆனால் நெரிசலில் ஆயிரம் தடவை நின்று நின்று கிளம்பும்போது ஆளைச் சோர்வாக்குவது அதுதான். எந்த வண்டியை எடுத்துப் போனேன் என்பது வீடு திரும்பும்போது என் இடது முழங்காலுக்கே தெரிந்திருக்கும்.

அதோடு, குறுந்தூர ஓட்டம் பெட்ரோல் இன்ஜினுக்கு ஆகவே ஆகாது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுதாக எரியாமல் கொஞ்சம் ஆயிலில் போய்க் கலக்கும். எரிதலில் வரும் ஈரமும் ஆவியாகிப் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் 250, 300 டிகிரி வரை சூடேறினால்தான் புகையைச் சுத்தம் செய்யத் தொடங்கும். அதுவரை வெளியே போவது கழுவாத புகை. ஒரு வண்டி தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் போய் நிற்கிறது என்றால், அந்த இன்ஜின் ஒருநாளும் நிம்மதியாக ஓடவில்லை என்று அர்த்தம்.

இவ்வளவு சொல்லியும், ஞாயிறு காலையில் மலைச்சாலைக்குப் போக நான் எடுப்பது பெட்ரோல் சாவியைத்தான். காரணம் சத்தமோ வாசனையோ அல்ல. அது ஏறக்குறைய ஒரு டன். மின்சார வண்டி ஒன்றே முக்கால் டன். வளைவுக்குள் நுழையும்போது முன் டயர் எதைப் பிடிக்கிறது, எப்போது நழுவப் பார்க்கிறது என்பதெல்லாம் லேசான வண்டியில் கைக்கு வந்து சேர்கிறது. கனமான வண்டியும் அதே வளைவை அதே வேகத்தில் எடுக்கும், சில சமயம் கூடுதல் வேகத்திலேயே எடுக்கும். ஆனால் நடப்பது எதுவும் எனக்குத் தெரிவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எனக்கு மோட்டாரோடு பகை இல்லை. எடை ஒன்று, எல்லாவற்றையும் விழுங்கிவிட்ட தொடுதிரை இன்னொன்று. இந்த இரண்டும்தான் கார் ஓட்டும் சுகத்தைக் கெடுக்கின்றன, பெட்ரோல் கார்களையும் சேர்த்தே. 1974-ல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் சுமார் 800 கிலோ. இன்றைய எட்டாம் தலைமுறை 1,300 கிலோவைச் சுற்றி நிற்கிறது, அதுவும் பேட்டரி இல்லாமல். ஜிஎம்சி ஹம்மர் ஈவி (ஈவி என்றால் மின்சார வண்டி) 4,000 கிலோவைத் தாண்டுகிறது. அதன் பேட்டரி மட்டுமே 1,300 கிலோ சொச்சம், ஒரு முழு கோல்ஃபின் எடை! அதை மின்சாரக் கார் என்பதற்காகப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஸ்பானர்கை

அண்ணே, எடை விஷயத்துல கை குடுங்க. ஒர்க்‌ஷாப்புல நான் தினமும் பாக்கறது அதத்தான். மின்சார வண்டி டயர் சீக்கிரம் தேயுது. எடையும் கூட, டார்க்கும் உடனே வருது, ரப்பர் என்ன பண்ணும்? அதுவும் உள்பக்க ஓரம் தேயும், வெளிய நின்னு பாத்தா தெரியாது. ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு வச்சுப் பாருங்க.

பிரேக்கு கதை நேர்மாறு. பேட் தேயவே தேயாது, மோட்டாரே வண்டியப் பிடிச்சு நிறுத்திடுது. ஆனா பிரேக்கு வேல செய்யாததே பிரேக்குக்குக் கேடு. டிஸ்க்குல துரு புடிக்கும், காலிப்பர் பின் இறுகும். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 ரெண்டுலயும் பின்னாடி டிரம் பிரேக் வச்சிருக்கான். பாத்துட்டு "இவ்ளோ பெரிய வண்டிக்கு டிரம்மா"ன்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் சொல்றேன், அது யோசிச்சு வச்சது. மூடியிருக்கறதால துரு புடிக்காது, பின் பிரேக்குக்கு அங்க பெருசா வேலையும் இல்ல. மத்தவங்க வாரத்துல ஒரு நாள் ரோடு காலியா இருக்கும்போது நல்லா அழுத்தி ரெண்டு மூணு பிரேக் அடிங்க. டிஸ்க் சுத்தமாயிடும்.

"ஈவிக்கு சர்வீஸே வேண்டாம்"னு விக்கறவங்க சொல்றத மட்டும் நம்பாதீங்க. இன்ஜின் ஆயில் இல்ல, டைமிங் பெல்ட் இல்ல, ஸ்பார்க் பிளக் இல்ல, சரி. கூலன்ட் இருக்கு, பிரேக் ஆயில் இருக்கு, ஏசி ஃபில்டர் இருக்கு, ரிடக்‌ஷன் கியர்ல ஆயில் இருக்கு, சஸ்பென்ஷன் புஷ் இருக்கு. எடை கூடினா புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் முன்னாடியே போகும்.

ரோட்டுப்பயணி

நான் மாற்றுக்கருத்து. நகருக்குள் மின்சாரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நான் நகருக்குள் ஓட்டுவதே இல்லை. எனக்கு வேலையே நெடுஞ்சாலையில்தான். விளம்பரத்தில் போட்ட ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் போகும் தூரம், நெடுஞ்சாலையில் ஒருநாளும் வருவதில்லை. வேகமாகப் போனால் குறைகிறது, குளிரில் குறைகிறது, பின்னால் டிரெய்லர் கட்டினால் பாதியாகிவிடுகிறது. டீசல் வண்டியில் நான் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை. ஏறி உட்கார்ந்தால் போய்க்கொண்டே இருக்கலாம். ஏன் இந்த வித்தியாசம் என்று யாராவது விளக்கினால் நல்லது. "பழகிவிடும்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

மின்கலம்

ரோட்டுப்பயணி சார் கேட்டது நியாயமான கேள்வி. நான் பேட்டரித் துறையில் வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. 60 கிலோவாட்-மணி பேட்டரி என்றால் ஏழு லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவு. ஒரு மின்சாரக் கார் அந்த ஏழு லிட்டருக்கும் குறைவான ஆற்றலை வைத்துக்கொண்டு 350 கிலோமீட்டர் போகிறது. மோட்டார் தனக்கு வரும் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சக்கரச் சுழற்சியாக மாற்றுவதால் இது முடிகிறது. மிகச் சிறந்த பெட்ரோல் இன்ஜின்கூட, அதற்குத் தோதான வேகத்திலும் சுமையிலும் ஓடும்போதுதான் 40 சதவீதத்தைத் தொடுகிறது. மீதியெல்லாம் சூடாகிப் போகிறது.

உங்கள் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. காற்று எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும். 100-லிருந்து 120-க்குப் போனால் அந்த எதிர்ப்பு 44 சதவீதம் கூடும். இது எல்லா வண்டிக்கும் பொது. ஆனால் பெட்ரோல், டீசல் இன்ஜின்கள் மெதுவான ஓட்டத்தில் திறன் மிகக் குறைந்தவை, சுமை ஏறும்போது திறன் கூடும். காற்றால் வரும் இழப்பில் ஒரு பகுதியை இன்ஜினே அப்படி ஈடுகட்டிவிடுகிறது. அதனால் உங்களுக்கு அது கண்ணில் படுவதில்லை. மின்மோட்டார் எல்லா வேகத்திலும் ஏற்கெனவே திறனாக ஓடுகிறது, ஈடுகட்ட அதனிடம் எதுவும் மிச்சமில்லை. கூடிய எதிர்ப்பு முழுதும் ரேஞ்சில் வந்து விழுகிறது.

குளிரும் அப்படித்தான். இன்ஜின் வண்டியில் கேபினைச் சூடாக்க, எப்படியும் வீணாகப் போகிற சூடு இருக்கிறது. மின்சாரக் காரில் அந்தச் சூட்டையும் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தரும் ஹீட் பம்ப் இருந்தால் கொஞ்சம் மிச்சமாகும். குளிரில் வண்டியைச் சார்ஜரில் மாட்டியபடியே முன்கூட்டிச் சூடாக்கிவிட்டுக் கிளம்புவது இன்னும் நல்லது.

ரோட்டுப்பயணி

நன்றி, இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. சரி, சார்ஜ் ஏறும் நேரம்? 80 சதவீதத்துக்கு மேல் ஏன் அப்படி ஊர்கிறது?

மின்கலம்

தியேட்டரில் முதலில் வருபவர்கள் நேராகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள், கடைசியில் வருபவர்கள் காலி இருக்கை தேடி அலைவார்கள் இல்லையா, அதேதான். லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர வேண்டும். இடம் குறையக் குறைய அவசரப்படுத்தினால் அவை உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும், ஆபத்தாகவும் முடியலாம். அதனால் பேட்டரியை நிர்வகிக்கும் மென்பொருளே மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. பேட்டரி குளிர்ந்திருந்தாலும் இதே காரணத்தால்தான் மெதுவாக ஏறும். வேகச் சார்ஜரை நேவிகேஷனில் குறித்துவிட்டு ஓட்டினால் பல வண்டிகள் போய்ச் சேர்வதற்குள் பேட்டரியைத் தானாகச் சூடாக்கி வைக்கும்.

நீண்ட பயணத்தில் 100 சதவீதத்துக்குக் காத்திருப்பது நேர விரயம். 10-க்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்து, 70, 80 வந்ததும் கழற்றிக்கொண்டு கிளம்புங்கள். 800 வோல்ட் வண்டிகளில் இந்த இடைவெளி இருபது நிமிடத்துக்குள் முடிகிறது, சார்ஜர் அந்த அளவுக்குத் தந்தால்.

ஆனாலும் பெட்ரோல் பங்குக்கு ஈடாகாது என்பதை மறைக்க மாட்டேன். நிமிடத்துக்கு 35 லிட்டர் ஊற்றும் குழாய் வழியாகப் பாயும் ஆற்றலைக் கணக்கிட்டால் 18 மெகாவாட்டுக்கு மேல் வருகிறது. நெடுஞ்சாலையில் காணும் பெரிய சார்ஜர் ஒன்று தருவது 350 கிலோவாட்.

வளைவுக்காதலன்

இந்த 18 மெகாவாட்டை இரண்டு தடவை படித்தேன். ஒரு சாதாரண ரப்பர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு இவ்வளவு ஆற்றலை ஊற்றுகிறோம்! பெட்ரோல் ஏன் நூறு வருஷம் ஆண்டது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

சரித்திரத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "மின்சாரக் கார் புதுசு, இன்னும் பழுக்கவில்லை" என்று நினைப்பவர்கள் நிறைய. 1899-ல் மணிக்கு 100 கிலோமீட்டரை முதலில் தாண்டிய கார் மின்சாரக் கார்தான். கமீல் ஜெனாட்ஸி ஓட்டியது. அந்தக் காலத்தில் பெட்ரோல் வண்டியைக் கைப்பிடி சுற்றித்தான் கிளப்ப வேண்டும், தப்பினால் கை உடையும். மின்சார வண்டியில் ஏறி உட்கார்ந்தால் போதும். 1912-ல் காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும் அந்தச் சாதகம் போய்விட்டது. அதோடு ஃபோர்டின் மாடல் டி வேறு மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. பேட்டரி மட்டும் கனமான ஈயமாகவே நின்றுவிட்டது. 1991-ல் சோனி லித்தியம்-அயன் மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கதை மறுபடி நகர்ந்தது. தோற்றது மோட்டார் அல்ல, பேட்டரியின் எடை. இன்றும் பாக்கி இருப்பது அதே கணக்குதான்.

சத்தம்பிரியன்

எல்லோரும் கிலோவாட் கணக்குப் போடுகிறீர்கள். கார் என்பது எனக்கு இன்ஜின்தான். ஹோண்டா எஸ்2000-இன் இரண்டு லிட்டர் இன்ஜின் 9,000 ஆர்பிஎம் வரை பாடும். லெக்சஸ் எல்எஃப்ஏ-வின் வி10 இன்ஜின் ஐடிலிலிருந்து (நின்றபடி ஓடும் நிலை) ரெட்லைனுக்கு (உச்ச ஆர்பிஎம்) 0.6 நொடியில் ஏறும். முள் அந்த வேகத்துக்கு ஓடாது என்று டிஜிட்டல் மீட்டர் வைத்தார்கள். கார்டன் முர்ரேயின் டி.50-இல் வி12 இன்ஜின், 12,100 ஆர்பிஎம், முழு வண்டியும் ஆயிரம் கிலோவுக்குள். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த காதுக்கு "ஸ்ஸ்ஸ்" என்று போகும் வண்டியில் என்ன இருக்கிறது? மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கி, ஹீல்-அண்ட்-டோ போட்டு (ஒரே காலால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்து), ஆர்பிஎம் சரியாகப் பொருந்தி கிளட்ச் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஒட்டும்போது வரும் சந்தோஷம், அது கையும் காலும் காதும் சேர்ந்து கற்ற ஒரு திறமை. அதை யாரும் எனக்கு மென்பொருளாகத் தர முடியாது.

வளைவுக்காதலன்

சத்தம்பிரியன், நீங்கள் சொன்ன மூன்று வண்டியையும் நான் கும்பிடுகிறேன். ஹீல்-அண்ட்-டோ பற்றிச் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. நானும் அதற்காகத்தான் அந்தப் பழைய வண்டியை விற்காமல் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இன்று ஷோரூமில் நிற்கும் சராசரி பெட்ரோல் எஸ்யூவியில் அந்தச் சந்தோஷம் இருக்கிறதா? மூன்று சிலிண்டர் டர்போ, கியர் படிகளே இல்லாத சிவிடி அல்லது ஆட்டோமேட்டிக், வடிகட்டிகள் விழுங்கிய எக்ஸாஸ்ட், ஸ்பீக்கர் வழியே செயற்கை இன்ஜின் சத்தம். எல்எஃப்ஏ-வின் பெயரைச் சொல்லி இந்த வண்டிகளைக் காப்பாற்றக் கூடாது. தினமும் ஆபீசுக்குப் போய்வர, அந்த எஸ்யூவியைவிட நல்ல மின்சார ஹேட்ச்பேக் எனக்குப் பல மடங்கு மேல். ஆசைக்கு ஓட்ட வேண்டுமென்றால் லேசான மேனுவல். 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒரு டன்னுக்குள் இருந்தது, இன்றைய நான்காம் தலைமுறையும் அதை ஒட்டியே நிற்கிறது. மனம் வைத்தால் எடையைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஹூண்டாய் ஐயானிக் 5 என் ஓட்டிப் பார்த்தீர்களா? இல்லாத எட்டு கியரை மென்பொருளிலேயே பாவனை செய்கிறார்கள், கியர் மாற்றும்போது டார்க்கை வெட்டி உதறலும் தருகிறார்கள். உட்காரும்வரை நானும் பொம்மை வேலை என்றுதான் எண்ணினேன். வளைவுக்கு முன் எவ்வளவு வேகத்தில் இருக்கிறோம் என்பதை மீட்டர் பார்க்காமல் காதாலேயே அறிய முடிந்தது. ஓட்டுபவருக்குத் தகவல் தருகிறது என்ற அளவில் அதை மதிக்கிறேன். ஆனால் இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும் வண்டி அது. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த எடை தெரிகிறது.

சத்தம்பிரியன்

சராசரி எஸ்யூவி பற்றிச் சொன்னதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. என் தினசரி வண்டியே அப்படிப்பட்ட ஒன்றுதான், அதில் ரேடியோவைத்தான் கேட்கிறேன். மேனுவல் கார்களை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்பதே என் கோரிக்கை.

மாடிவீடு

எல்லோரும் வீட்டில் சார்ஜ் ஏற்ற வசதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். நான் அடுக்குமாடியில் இருக்கிறேன், வண்டி நிற்பது தெருவில். இரவு மாட்டிவிட்டுத் தூங்கிக் காலையில் நிறைந்த பேட்டரியோடு கிளம்புவதுதான் மின்சாரக் காரின் பாதி சுகம், அது எனக்குக் கிடையாது. பொதுச் சார்ஜரை மட்டும் நம்பினால் செலவும் கூடுகிறது, வேலை செய்யாத சார்ஜர், வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி என்று அலைச்சலும் கூடுகிறது. நான் ஹைபிரிட் வாங்கினேன், பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்தது, பிளக் போட வேண்டியதில்லை. "இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறாய்" என்கிறார்கள். ஆனால் எனக்கு அது நடுவில் தொங்குவதாகத் தெரியவில்லை. பேட்டரி சின்னது, எடை அதிகம் கூடவில்லை, நெரிசலில் பாதி நேரம் இன்ஜின் அணைந்தே கிடக்கிறது.

ஸ்பானர்கை

மாடிவீடு சொல்றது ரொம்பச் சரி. வீட்டுல பிளக் இல்லாதவங்களுக்கு ஈவி வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது, ஆபீஸ்ல சார்ஜர் இருந்தா வேற கதை.

1997-ல வந்த டொயோட்டா ப்ரியஸ் மாதிரி ஹைபிரிட் இருக்கே, அதுல கிளட்ச் கிடையாது, ஸ்டார்ட்டர் மோட்டார் தனியா கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது. ஒரு பிளானட்டரி கியர் செட், ரெண்டு மோட்டார் ஜெனரேட்டர், அவ்ளோதான். "இன்ஜினும் இருக்கு மோட்டாரும் இருக்கு, ரெண்டு மடங்கு ரிப்பேர் வரும்"னு சொல்றவங்க ஒரு தடவை அத கழட்டிப் பாக்கணும். அவ்ளோ எளிமையான, அழகான வேலை. பேட்டரிக்குக் காத்து போற ஃபில்டர மட்டும் அடைக்க விடாம சுத்தம் பண்ணுங்க, பின் சீட்டுப் பக்கத்துல சின்னதா வலை மாதிரி இருக்கும். அதுமேல பைய வச்சு மறைக்காதீங்க.

பெரிய பேட்டரி வச்சு பிளக்குல சார்ஜ் ஏத்தற பிளக்-இன் ஹைபிரிட் வாங்கிட்டு பிளக்கே போடாதவங்க இருக்காங்க, அது மட்டும் வேண்டாம். அந்த பேட்டரியச் சும்மா சுமந்துட்டு பெட்ரோல்ல ஓடுது. ரெண்டு பக்கமும் நஷ்டம்.

டீசல் பத்தியும் ஒண்ணு. ரோட்டுப்பயணி மாதிரி ஓடறவங்களுக்கு டீசல் பொருத்தம். ஊருக்குள்ளயே சுத்தறவங்க புது டீசல் வாங்காதீங்க. டீசல் புகையில இருக்கற கரியப் பிடிக்க டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு. அதுல சேர்ற கரி எரிய 600 டிகிரிக்குப் பக்கம் சூடு வேணும், நீளமா ஓடினாத்தான் வரும். பாதியில பாதியில வண்டிய அணைச்சா ஃபில்டர் அடைக்கும், டீசல் ஆயில்ல கலந்து ஆயில் மட்டம் ஏறும்.

வளைவுக்காதலன்

மாடிவீடு, நான் எழுத விட்ட பக்கத்தை நீங்கள் எழுதிவிட்டீர்கள். எடை என்ற கண்ணில் பார்த்தால் சின்ன பேட்டரி ஹைபிரிட் எனக்கும் பிடித்த யோசனைதான்.

திரையைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. 2022-ல் ஸ்வீடனின் வி பிலெகாரே என்ற கார் பத்திரிகை ஒரு சோதனை வைத்தது. மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டிக்கொண்டே சீட் ஹீட்டர் போடுவது, ரேடியோ அலைவரிசை மாற்றுவது போன்ற வேலைகளைச் செய்ய வேண்டும். வெறும் பட்டன்கள் கொண்ட 2005 வோல்வோ வி70-இல் எல்லாம் 10 நொடியில் முடிந்தது. திரை வைத்த புதிய வண்டிகளில் மிக மோசமானதில் 44 நொடிக்கு மேல். அந்த வேகத்தில் 44 நொடி என்றால் 1,300 மீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் கவனம் சாலையில் முழுதாக இல்லை! இதற்கு எந்த விளக்கமும் எனக்கு ஏற்பில்லை. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026-க்கான விதிகளில் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு கேட்டிருப்பதை மனதார வரவேற்கிறேன். ஏசியையும் கண்ணாடித் துடைப்பையும் தேட மெனுவுக்குள் போக வைப்பவர்கள் இனியாவது திருந்தட்டும்.

மின்சாரக் கார் என்றாலே திரை என்று ஆகிவிட்டதால், மோட்டார் மேல் கோபமில்லாதவர்கள்கூட அந்தக் காரைவிட்டு ஓடுகிறார்கள். மோட்டாருக்கும் திரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

மின்கலம்

இதோடு பழுதுபார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியை மாட்யூல் மாட்யூலாகக் கழற்றும்படி வைத்தால் ஒரு மின்கலத் தொகுதி கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். எல்லாவற்றையும் பசையால் ஒட்டி, அதையே வண்டியின் தளமாக்கினால் எடை கொஞ்சம் குறையும், ஆனால் சின்னக் கோளாறுக்கும் முழுப் பெட்டியைத் தூக்க வேண்டிவரும். வளைவுக்காதலன் எடை குறைய வேண்டும் என்கிறார், ஸ்பானர்கை கழற்ற முடிய வேண்டும் என்பார். இரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. என் ஓட்டு கழற்றுவதற்கே.

ஸ்பானர்கை

என் ஓட்டும்.

வளைவுக்காதலன்

கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். எடைக்காக நான் இவ்வளவு பேசினாலும், பழுதுபார்க்க முடியாத லேசான வண்டி எனக்கு வேண்டாம். பேட்டரியைச் சின்னதாக வைத்து எடையைக் குறையுங்கள் என்பதே என் தரப்பு. தினமும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 100 கிலோவாட்-மணி எதற்கு? வருஷத்தில் சில நாள் வரும் நீண்ட பயணத்துக்காக மற்ற எல்லா நாளும் அந்தப் பாரத்தைச் சுமக்கிறோம். பேட்டரி பெரிதானால் அதைச் செய்யச் செலவாகும் ஆற்றலும் கூடுகிறது, புகை மிச்சம் என்ற கணக்கு தேறுவதற்கு இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறது என்றால் இன்னும் தள்ளிப்போகும்.

புதுச்சாவி

அண்ணா, நான் இங்கே புதுசு. முழு இழையையும் படித்தேன். வீட்டில் பிளக் வசதி இருக்கிறது, தினசரி ஓட்டம் குறைவு. சில வருஷம் ஓடிய பழைய மின்சாரக் கார் ஒன்று பார்த்திருக்கிறோம். அப்பாவுக்கு பேட்டரி பயம். "செத்துப்போன பேட்டரியை நம் தலையில் கட்டிவிடுவார்கள்" என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது? வாங்கின பிறகு எப்படி வைத்துக்கொள்வது?

மின்கலம்

முதலில் பேட்டரி எந்த வகை என்று கேளுங்கள். எல்எஃப்பி என்றால் இரும்பு பாஸ்பேட். கொஞ்சம் கனம் கூடுதல், ஆனால் ஆயுள் அதிகம். என்எம்சி என்றால் நிக்கல் கலந்தது. என்எம்சி-யைத் தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள், பயணத்துக்கு முன் மட்டும் 100. எல்எஃப்பி-யை வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்லி நிறுவனங்களே சொல்கின்றன. அதன் வோல்டேஜ் நடுவில் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் நிற்பதால், நிறைத்துப் பார்த்தால்தான் மீதி எவ்வளவு என்று வண்டிக்குச் சரியாகத் தெரியும்.

அடுத்து, பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இருக்கிறதா என்று பாருங்கள். 2010-ல் வந்த நிசான் லீஃபில் அது கிடையாது, வெப்பமான இடங்களில் ஓடிய அந்த வண்டிகளின் பேட்டரி சீக்கிரம் தளர்ந்தது. பேட்டரிக்குப் பெரிய எதிரி சூடும் நிறைந்த சார்ஜும் சேர்ந்து வருவதுதான். 100 சதவீதத்தோடு வெயிலில் பல நாள் நிறுத்தி வைக்காதீர்கள். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பாதியில் விட்டுவிட்டுப் போங்கள்.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பேற்கிறார்கள். அது இரண்டாவது உரிமையாளருக்கும் தொடருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பானர்கை

தம்பி, நேர்ல போகும்போது ஓபிடி கருவி (வண்டிக் கம்ப்யூட்டர்ல இருக்கறதப் படிக்கறது) வச்சிருக்கற மெக்கானிக் ஒருத்தரக் கூட்டிட்டுப் போங்க. பேட்டரி ஆரோக்கியம் எத்தன சதவீதம், செல்லுக்குச் செல் வோல்டேஜ் வித்தியாசம் எவ்ளோன்னு படிச்சுச் சொல்லிடுவாரு. மொத்த சதவீதத்த விட அந்த வித்தியாசம் முக்கியம். ஒரு செல் மட்டும் தனியா கீழ தொங்கினா விட்டுட்டு வந்துடுங்க.

வண்டியத் தூக்கி அடியில பாருங்க. பேட்டரிப் பெட்டியில கல்லு அடிச்ச பள்ளம், வெல்டிங் பண்ணின தடயம் இருக்கக் கூடாது. சார்ஜ் போர்ட்டுல பின் கருகியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. வேகச் சார்ஜர்ல ஒரு தடவை மாட்டி ஏத்திப் பாக்காம காசு குடுக்காதீங்க, வீட்டு பிளக்குல ஏறி வேகச் சார்ஜர்ல ஏறாத வண்டி நான் பாத்திருக்கேன். பிரேக் டிஸ்க்கும் டயர் உள் ஓரமும் ஏற்கெனவே சொல்லிட்டேன்.

மின்கலம்

சார்ஜ் கேபிள் கூடவே தருகிறார்களா, பழைய உரிமையாளரின் செயலிக் கணக்கிலிருந்து வண்டியை விடுவித்தார்களா என்றும் பார்த்துவிடுங்கள். விடுவிக்காவிட்டால் அவர் தன் போனிலிருந்தே உங்கள் வண்டியைத் திறக்க முடியும்.

புதுச்சாவி

எல்லாம் எழுதிக்கொண்டேன். அப்பா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: ஒருநாள் காலையில் வண்டி திடீரென்று கிளம்பவே இல்லை என்றால் முதலில் எதைச் சந்தேகப்பட வேண்டும்?

ஸ்பானர்கை

பெரிய பேட்டரிய இல்ல, அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரியத்தான். கதவு திறக்கறது, கம்ப்யூட்டர் விழிக்கறது, பெரிய பேட்டரிய இணைக்கற ரிலே எல்லாம் அதுலதான் ஓடுது. அது இறங்கிட்டா 90 சதவீதம் சார்ஜ் இருக்கற வண்டியும் நகராது. வாங்கற வண்டியில அது எந்த வருஷத்துதுன்னு பாருங்க, நாலு வருஷம் தாண்டியிருந்தா வாங்கின வாரமே மாத்திடச் சொல்லுங்க.